வாகைக் கட்டை

எங்கள் வீட்டு ரைபிள் வங்காளத்தில் பிறந்தது. கல்கத்தாவுக்கு வடக்கே இச்சாப்பூர். வெள்ளைக்காரன் 1787-ல் வெடிமருந்து ஆலைக்கென்று பிடித்த இடம், 1904-ல் துப்பாக்கித் தொழிற்சாலை ஆயிற்று. இரண்டு உலகப் போர்களிலும் இந்தியச் சிப்பாய்கள் தோளில் சுமந்த .303 லீ என்ஃபீல்டு ரைபிள்கள் அங்கே லட்சக்கணக்கில் செய்யப்பட்டன. அதே ஆலையில், அதே போல்ட்டும் அதே இரும்பு உடலுமாக, குழலை மட்டும் வேறாக்கி, பத்துக் குண்டு மேகசினை ஐந்தாகச் சுருக்கி, குடிமக்களுக்கென்று விற்ற .315 வேட்டை ரைபிளைத்தான் அப்பா வாங்கினார்.

அப்பா பட்டாளத்துக்காரர். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் பயிற்சிக்கூடத்தில் அவர் கையில் கொடுக்கப்பட்டது .303. அதோடுதான் அவருடைய இளவயது முழுக்கக் கழிந்தது. அறுபத்தைந்தாம் வருஷப் பாகிஸ்தான் சண்டைக்குப் பிறகு பென்ஷன் வாங்கிக்கொண்டு கயத்தாறுக்குத் திரும்பி வந்து கரிசலில் பருத்தியும் கம்பும் போட்டார். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பட்டாளத்தார் என்றால் அவர்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த போல்ட்டைக் கழற்றி மாட்டுவார். போல்ட் கைப்பிடியைக் கொஞ்சமாகத் தூக்கினாலே போதும், திறந்துகொள்ளும். முன்னால் தள்ளி மூடும்போதுதான் உள்ளே ஸ்பிரிங் இறுகும். வேறு பல ரைபிள்களில் திறக்கும்போதே இறுகிவிடும், அதனால் திறப்பதற்குப் பலம் வேண்டும். "இதுல தோள்லருந்து எடுக்காமலே அடுத்த ரவுண்டு போட்ரலாம்" என்று சொல்லிச் சொல்லிக் காட்டுவார்.

அவருக்கு வேண்டியிருந்தது .303-தான். அது கிடைக்காது. ராணுவம் பயன்படுத்தும் தோட்டாவைச் சுடும் துப்பாக்கி பொதுமக்கள் கையில் இருக்கக் கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்து விதி. பாசறையிலிருந்து களவு போகும் தோட்டா வெளியே ஒருவனுக்கும் பயன்படக் கூடாது என்ற பயம். அதற்கு மாற்றாக வந்ததுதான் .315. இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ. கம்பெனி இந்திய வியாபாரத்துக்கென்றே லீ உடலில் இந்த அளவுக் குழலை ஏற்றி அனுப்பியது. பிறகு இச்சாப்பூர் அதைத் தொடர்ந்தது. அந்தத் தோட்டாவின் பூர்வீகத்தைப் பார்த்தால் அதுவும் ராணுவத் தோட்டாதான். ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் மான்லிகர் ரைபிளுக்கு 1890-ஐ ஒட்டி வந்த 8 மில்லிமீட்டர் தோட்டா அது. தலையில் ஏறக்குறைய 16 கிராம் எடைக் குண்டு. முதல் உலகப் போரில் ஐரோப்பிய மலைகளில் வெடித்த அந்தச் சரக்கு, அந்தப் பேரரசே மறைந்த பிறகும் நம் ஊர்த் தோட்டக்காரர்களின் இடுப்புப் பையில் இருந்தது. வெளிநாட்டில் எத்தனையோ பேர் துப்பாக்கிச் சரித்திரம் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பயணத்தை யாராவது முழுசாக எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை.

கயத்தாறில் துப்பாக்கி லைசென்ஸ் என்பது வெறும் காகிதம் இல்லை. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்ட ஊர் இது. சிவாஜி கணேசன் இடம் வாங்கி நிறுவிய சிலை இன்றும் சாலையோரம் நிற்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் அதோடு ஊரை மறந்துவிடுவார்கள். அடுத்து நடந்ததை அநேகம் பேர் சொல்வதில்லை. இரண்டாவது பாளையக்காரர் போர் முடிந்த கையோடு, 1801 டிசம்பர் 1-ம் தேதி, சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை விட்டார். திருநெல்வேலி, ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை, திண்டுக்கல் சீமைகளில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. கோட்டைகளை இடித்தார்கள், வேலையும் ஈட்டியையும் துப்பாக்கியையும் பறித்தார்கள். 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் வந்து நாடு முழுக்க இந்தியனுக்கு லைசென்ஸ், ஐரோப்பியனுக்கு விலக்கு என்று ஆக்குவதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னாலேயே, எங்கள் சீமை வெறுங்கையாக நின்றது. 1959-ல் சுதந்திர இந்தியா போட்ட சட்டம் 1962-ல் அமலுக்கு வந்தது. அதன்கீழ் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசில் அந்தச் சின்ன லைசென்ஸ் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு, அப்பா நேரே வீட்டுக்கு வராமல் கட்டபொம்மன் தூக்கில் தொங்கிய இடத்துக்குப் போய்விட்டுத்தான் வந்தாராம். அம்மா சொல்லித் தெரியும்.

ரைபிள் வந்தது. அப்பாவுக்கு அது சேரவில்லை. ஆள் நெட்டை, கை நீளம், கழுத்தும் நீளம். பட்டாளத்தில் இதற்கு வழி இருந்தது. .303-க்கு நீளம், நடுத்தரம், குட்டை என்று பின்கட்டைகள் தனித்தனியாக வரும். நெட்டையனுக்கு நீளக் கட்டை, அதில் 'எல்' என்ற எழுத்துக் குத்தியிருக்கும். கடையில் வாங்கிய ரைபிளில் எல்லோருக்கும் ஒரே கட்டை. அதைத் தோளில் வைத்தால் அப்பாவின் கன்னம் கட்டையில் படியாது, அந்தரத்தில் நிற்கும். குறி பார்க்கத் தலையைக் குனிய வேண்டும். வெடித்ததும் கட்டை எழும்பிக் கன்ன எலும்பில் அடிக்கும். புளியங்குடியில் மாமாவின் எலுமிச்சைத் தோப்புக்குக் காவலுக்குப் போய் வந்த காலையில் வலது கன்னம் வீங்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்போது அமெரிக்காவில் ரைபிளை ஆளுக்கேற்ப மாற்றிக் கட்டுகிற பெரிய பழக்கமே இருந்தது என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு போர்களுக்கும் பிறகு மலிவாக வந்து குவிந்த ஸ்பிரிங்ஃபீல்டு, மவுசர், 1917 என்ஃபீல்டு ராணுவ ரைபிள்களை வாங்கி, வீட்டுப் பட்டறையிலேயே குழலை மாற்றி, வால்நட் கட்டையைச் செதுக்கி ஏற்றித் தனக்கென்று வேட்டை ரைபிள் கட்டிக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பணக்காரர்களுக்கு லண்டன் கடைகள் கட்டிக் கொடுத்தன. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907-ல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வந்த .275 ரிக்பியும் ஜெர்மன் மவுசர் உடலின்மேல் கட்டியதே. நம் நாட்டில் இரும்பைத் தொட முடியாது. குழலும் உடலும் ஆலை கொடுத்தபடி, நம்பர் குத்தியபடி இருக்க வேண்டும், அந்த நம்பர் லைசென்ஸ் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். நமக்கு விடப்பட்டது மரம் ஒன்றுதான். அப்பா தனக்குத் தெரிந்த அத்தனையையும் அந்த மரத்தில் இறக்கினார்.

எங்கள் தெருக்கோடியில் ஓர் ஆசாரி இருந்தார். வண்டிச் சக்கரத்துக்குக் குடம் கடைந்து, ஆரக்கால் அடித்து, வட்டை கூட்டுகிற கை. டயர் வண்டி வர ஆரம்பித்த காலம், ஆனாலும் அவருக்கு வேலை குறையவில்லை. அப்பா விஷயத்தைச் சொன்னதும் உடனே மரத்தைப் பற்றிப் பேசவில்லை. அப்பாவை நிற்க வைத்துச் சுற்றிவந்து பார்த்தார்.

"மாட்டுக் கழுத்தப் பாக்காம நொகத்தடி செதுக்க முடியாது பட்டாளத்தாரே. கொஞ்சம் கையத் தூக்குங்க."

நூலால் அளந்தார். முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல் வரை, தோள் குழியிலிருந்து கன்னம் வரை. பிறகு கல்யாண முருங்கைக் கட்டையில் ஒரு மாதிரி செய்தார். இரும்பு இல்லாமல், வெறும் வடிவம். அந்த மரம் உளிக்கு வெண்ணெயாக இழையும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு அதைத் தோளில் ஏற்றுவார், கன்னத்தை வைப்பார், அப்புறம் கண்ணைத் திறப்பார். பார்வை மேல்விளிம்பை ஒட்டி நேராக ஓடினால் சரி. தூக்கலாகத் தெரிந்தால் ஆசாரி ஒரு சீவல் எடுப்பார். தாழ்ந்தால் இன்னொரு துண்டை ஒட்டுவார். கன்னம் படிகிற இடத்தில் மட்டும் இடதுபக்கமாக ஒரு மேடு வேண்டும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். சாயங்காலந்தோறும் திண்ணையில் இது நடக்கும், தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிடுவோம். இங்கிலாந்தில் பெரிய துப்பாக்கிக் கடைகள் இதே வேலையைச் செய்ய, வளைத்து நீட்டக்கூடிய மாதிரித் துப்பாக்கி ஒன்றை வைத்திருக்கின்றன. எங்கள் ஆசாரி அதைக் கண்டதும் இல்லை, கேள்விப்பட்டதும் இல்லை.

மரம் எது என்பதில் அப்பாவுக்கும் அவருக்கும் வாக்குவாதம். அப்பாவுக்குத் தேக்கு.

"தேக்கு நெளிவெடுக்காது, அது சரி. ஆனா அடி தாங்காது. நீங்க சொல்லுத அடிக்கு நார்வாக்குல பொளந்துரும். ஈட்டி மரம் கனம், தூக்கிட்டு ஓட முடியாது. வாகையப் போடுவோம்."

வயிரம் பாய்ந்த வாகை கரும்பழுப்பு நிறம், உள்ளே இருட்டு ரேகைகள் ஓடும். நார் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் எளிதில் பிளக்காது. இதே மரத்தை வெளிநாட்டு மரச்சந்தையில் கிழக்கிந்திய வால்நட் என்று விற்றார்கள் என்பதைப் பல வருஷம் கழித்து ஒரு வனத்துறைப் புத்தகத்தில் படித்தபோது, ஆசாரி உயிரோடு இல்லையே என்று இருந்தது. எங்கள் கிணற்று மேட்டில் காற்றில் சாய்ந்த வாகை ஒன்றை அறுத்து, பலகைகளைக் கண்மாய்த் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்து நிழலில் அடுக்கியிருந்தார். வெள்ளை மரம் முழுவதையும் கழித்துவிட்டு வயிரத்தை மட்டும் எடுத்தார். வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. இழைக்கும்போது வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்வார், பக்கத்தில் உட்கார்ந்த நாங்கள் தும்மிக்கொண்டே இருப்போம்.

வெளி வடிவம் முடிந்தது. இனி இரும்பை மரத்தில் பொருத்த வேண்டும். அதை லைசென்ஸ் உள்ள கடையில்தான் செய்ய முடியும். மதுரையில் அப்படி ஒரு கடை. அப்பா ரைபிளோடும், ஆசாரி சாக்கில் சுற்றிய கட்டைகளோடும் உளிகளோடும், நான் லீவு நாள் என்பதால் சாப்பாட்டுத் தூக்கோடும் பஸ் ஏறினோம்.

கடை மிஸ்திரி வயதானவர். ஆசாரியைப் பார்த்து முதலில் முகம் சுளித்தார். வாகைக் கட்டையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்ததும் மாறிவிட்டார். "உக்காருங்கண்ணே" என்று தன் பலகையையே நகர்த்திக் கொடுத்தார். முதல் பாடம் அவர் சொன்னது:

"இந்த ஜாதித் துப்பாக்கிக்குப் பின்கட்டை வேற, முன்கட்டை வேற. பின்கட்டைய ஒரு நீட்டு போல்ட்டு பிடிச்சிருக்கு. அதோட நுனி சதுரமா முன்கட்டைக்குள்ள வந்து ஒக்காந்திருக்கும். முன்கட்டையக் கழத்தாம அந்த போல்ட்டத் திருப்புனீகன்னா, முன்கட்டை பொளந்து போகும். நெறய பேரு அப்படித்தாண்ணே கெடுத்துட்டு வந்து நிக்கிறாக."

சிம்னி விளக்கைக் கண்ணாடி எடுத்துவிட்டுப் புகைய விட்டார்கள். இரும்பு உடலின் அடிப்பாகத்தை அந்தப் புகையில் காட்டினால் கரி மெல்லிசாக ஏறும். அதை மரத்துக் குழியில் வைத்து உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தி எடுப்பார்கள். மரத்தில் எங்கே இரும்பு இடிக்கிறதோ அங்கே கறுப்பு ஒட்டியிருக்கும். அந்தக் கறுப்பை மட்டும் சுரண்ட வேண்டும். வெட்டக் கூடாது. மறுபடி புகை, மறுபடி அழுத்து. முதலில் இரண்டு மூன்று புள்ளிதான் தெரியும். சுரண்டச் சுரண்டப் புள்ளிகள் கூடும். கடைசியில் குழி முழுக்க ஒரே சீராகக் கறுப்புப் படிந்தால் இரும்பு எல்லா இடத்திலும் மரத்தில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். மிஸ்திரி எல்லாவற்றையும்விடக் கவலைப்பட்டது முன்கட்டையின் பின்கோடியில் வலமும் இடமுமாக இருந்த இரண்டு சின்ன முகங்களைப் பற்றி. வெடிக்கும்போது பின்னால் பாயும் இரும்பு அந்த இரண்டின் மேல்தான் முட்டுகிறது. ஒன்று மட்டும் முட்டி மற்றது விலகி நின்றால் குறி அலையும், நாளாவட்டத்தில் கட்டை பிளக்கும். ஆசாரிக்கு இது உடனே பிடிபட்டது. வண்டியில் பாரம் ஒரு சக்கரத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த இரண்டு முகங்களில் அவர் உளி போன வேகத்தைப் பார்க்க வேண்டும். தாள் கனத்துக்கு மரம் தூளாக உதிரும். மிஸ்திரி விளக்கைப் பிடிப்பார், ஆசாரி சுரண்டுவார், அப்பா இரும்பை எடுத்து எடுத்து வைப்பார். மூன்று பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. ரைபிள் கடையிலேயே பூட்டில் இருக்கும், நாங்கள் மறுபடி மறுபடி போய்வருவோம்.

கட்டைக்கு வார்னிஷ் அடிக்க மிஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. ஆளிவிதை எண்ணெய். இரவில் சாப்பிட்ட பிறகு வீட்டில் அந்த வேலை எனக்கு. சில சொட்டு விட்டு, உள்ளங்கை சுடும் வரை தேய்க்க வேண்டும். அந்தச் சூட்டில்தான் எண்ணெய் மரத்துக்குள் இறங்கும். ஒரு பங்கு காயும் வரை அடுத்த பங்கு போடக் கூடாது. இருட்டு ரேகைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

கண்மாய் வற்றியிருந்த கோடையில் கரைக்குள் காகிதம் ஒட்டி வைத்துச் சுட்டுப் பார்த்தார் அப்பா. கரிசல் மண் குண்டை அப்படியே விழுங்கிவிடும், தெறிக்காது. ஐம்பது கஜத்தில் குண்டுகள் உள்ளங்கைக்குள் அடங்கின. அதைவிட எனக்கு நினைவிருப்பது, வெடித்தபின் அப்பாவின் தலை அசையாமல் இருந்தது. கன்னம் மேட்டில் படிந்தபடி, கண் குறியிலேயே இருக்க, கை தானாக போல்ட்டை இழுத்துத் தள்ளியது. தேகத்தோடு ஒரு கருவி சேர்ந்துவிட்டது என்பதை அன்று பார்த்தேன். ஆசாரியும் கரையில் நின்றார். அவரையும் சுடச் சொல்லி அப்பா கேட்டார். "அது லைசென்ஸ் ஒங்களுக்கு" என்று சொல்லிவிட்டார்.

அந்த ரைபிள் வேட்டைக்குப் போன காலம் அதிகமில்லை. புளியங்குடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் நிலக்கடலையைக் கிளறிய பன்றிகள், அவ்வளவுதான். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்பின் அப்பா எந்த மிருகத்தின்மேலும் சுடவில்லை. சட்டம் என்றால் சட்டம் என்கிற பட்டாளத்துப் புத்தி ஒரு காரணம். இன்னொன்று, அவர் சின்ன வயதில் கரிசல் காட்டில் வெளிமான்கள் கூட்டமாக ஓடியதைப் பார்த்தவர், அவை காணாமல் போனதையும் பார்த்தவர். 1987-ல் வல்லநாட்டில் வெளிமான்களுக்குச் சரணாலயம் அமைத்தபோது அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சந்தோஷமாகப் பேசினார். அதற்கு முந்தைய வருஷம்தான் திருநெல்வேலியிலிருந்து எங்கள் பகுதியைப் பிரித்துத் தூத்துக்குடியைத் தலைநகராக வைத்துப் புது மாவட்டம் ஆக்கினார்கள். லைசென்ஸ் புதுப்பிக்க அவர் பஸ் ஏறும் திசை மாறியது.

அப்பா காலமானபின் வாரிசு என்ற முறையில் மனுப் போட்டு லைசென்ஸை என் பெயருக்கு வாங்கினேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது, புதுப்பிப்பது மூன்று வருஷத்துக்குப் பதிலாக ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

இப்போது பன்றிகள் மலையடிவாரத்தோடு நிற்கவில்லை, எங்கள் காட்டுக்கே வந்துவிட்டன. கம்பும் சோளமும் போன இடத்தில் மக்காச்சோளம், ஓடையெல்லாம் சீமைக் கருவேலம். அவற்றுக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் ஒரே இரவில் வயலைச் சாய்த்துவிடுகின்றன. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு ஆணை வந்தது. வனத்துறையினர் மட்டும். "மாமா, ஒங்க வீட்டுலதான் ரைபிள் இருக்கே, ரெண்டு வெடி வெடிச்சா என்ன?" என்று வயலில் பாதியை இழந்தவன் வந்து கேட்கும்போது அவன் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. முடியாது என்றுதான் சொல்கிறேன். அவனோடு போய் மனு எழுதிக் கொடுக்கிறேன், ஆணையில் உள்ளபடி ஆட்களை அனுப்பச் சொல்லி அலைகிறேன். நூற்று அறுபது வருஷத்துக்கும் மேல் கழித்து இந்தச் சீமைக்காரன் கையில் முறைப்படி வந்த ஒரு ரைபிளை, முறைதவறிச் சுட்டு இழக்க எனக்கு மனமில்லை.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். முடிவு வந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். எண்ணெய் பூசி உறையில் போட்டுக் கொடுக்கிறேன். திரும்ப வாங்கும்போது ரிஜிஸ்டரை நீட்டுவார்கள். ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு, உறையைத் திறந்து முன்கட்டையின் பின்கோடியை விரலால் தடவிப் பார்ப்பேன். மிஸ்திரி பயந்த அந்த இடத்தில் இன்றுவரை கீறல் விழவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவது.